விலகிக்கோ, அண்ணா

2018 ஜனவரி 17

கடுங்குளிர். சமையலறை ஜன்னலுக்கு உள்பக்கமே பனி பூத்துவிட்டது. பீட்ரூட் வேக வைத்தேன். வெந்நீரைத் தொட்டியில் வடிக்கும் முன் வழக்கம்போல, "விலகிக்கோ, அண்ணா" என்றேன். பேத்தி ருகிலே கறுப்பு ரொட்டியைக் கடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவள் பிறந்தது முதல் கேட்கிற சத்தம் இது. குழாய் இரைகிற மாதிரி.

அவள் கையைப் பார்த்துத்தான் எனக்கு ரொட்டி இறங்கவில்லை. விரல் கணுவெல்லாம் வெடித்துச் சிவந்திருக்கிறது. ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் முன்னும் பின்னும் சாராய வாடை அடிக்கிற எதையோ ஊற்றிக் கை கழுவ வேண்டுமாம். வெளியே வந்தால் வில்னியஸ் குளிர். பிடித்து உட்கார வைத்து வாத்துக் கொழுப்பு பூசினேன். மார்ட்டின் திருநாளுக்கு அடிக்கும் வாத்தின் கொழுப்பை உருக்கி, தேன்மெழுகும் ஊசியிலை மரத்துப் பிசினும் சேர்த்து, நவம்பர் தோறும் நான் செய்து வைப்பது. சைபீரியாவில் அம்மா கிடைத்த கொழுப்பில் செய்தாள்.

"பஸ்ல எல்லாரும் என்னைத்தான் மோந்து பாக்கறாங்க பாட்டி."

பார்க்கட்டும், நல்ல வாத்து வளர்க்கிற குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். சின்ன டப்பா ஒன்றில் அடைத்து அவள் பையிலும் போட்டுவிட்டேன்.

ஜனவரி 28

எதிர்வீட்டு யானினா காபிக்கு வந்தாள். அவளுடைய பேரன் லண்டனில் கார் விற்கிறான், அதைப் பற்றி முக்கால் மணி நேரம். சரி, என் முறை வந்ததும், என் பேத்தி ஒளியை வைத்துத் தண்ணீரைக் கேள்வி கேட்கிறாள் என்றேன்.

"அப்படியா? நம்ம குழாய்ல சுடுதண்ணி எப்ப வரும்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லச் சொல்லு" என்றாள். பொறாமைக்காரி.

நிறமாலையியல் என்று அந்தப் படிப்பின் பெயரைத் தப்பில்லாமல் சொல்லவே எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள் நான். ருகிலேயையே விளக்கச் சொன்னேன். சொன்னாள்: தண்ணீருக்குள் ஒரு மூலக்கூறைப் போடுகிறார்கள். சுற்றி நிற்கிற நீர் எப்படி நெருக்குகிறதோ அதற்கேற்ப அது குரல் மாற்றிப் பாடும். லேசர் ஒளியால் ஒரு தட்டு — உன் குரல் என்ன? கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு — இப்போது என்ன? இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் முன்பு இருந்த நிலை அதற்கு நினைவிருக்கிறது. இல்லாவிட்டால் மறந்துவிட்டது. பதில் திரையில் படமாக வரும். நினைவிருந்தால் சாய்ந்து நிற்கிற முட்டை. மறந்தால் உருண்டை. நேற்று மிஞ்சிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தட்டில் சாய்த்து வைத்துக் காட்டினாள், பிறகு அதையே உள்ளங்கையில் உருட்டி உருண்டையாக்கினாள்.

தண்ணீர் எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கும் என்று கேட்டேன்.

"வெச்சிருக்கவே வெச்சிருக்காது பாட்டி. நீ 'தண்ணி'ன்னு சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள கோடி கோடி தடவை மறந்திருக்கும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்று யானினா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 29

உருட்டிய அந்தக் கொழுக்கட்டை கண்ணிலேயே நிற்கிறது. தூக்கிப் போட்டுவிட்டேன், தின்ன முடியவில்லை.

சைபீரியாவுக்கு எங்களை நாடு கடத்தியிருந்த காலம். போவிலாஸ் அண்ணன் தண்ணீர் மொள்ள வாளியோடு போனது மதியம். ஆற்றில் பனி உறைந்து கல்லாக இருந்தது, எல்லோரும் நடந்துகொண்டிருந்த பனி. குடிசை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பனியில் வெட்டிய ஓட்டையருகே குனிந்தான். பிறகு வாளி மட்டும் இருந்தது. சத்தம் கேட்கவில்லை — ஜன்னலை மூடி வைத்திருந்தோமே, எப்படிக் கேட்கும்?

உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் சிலுவை நடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவன் தண்ணீரில் இருக்கிறான் என்றாள். அன்றிலிருந்து சுடுநீரைக் கொட்டும் முன் அம்மா, "விலகிக்கோப்பா" என்பாள். சுட்டுவிடக் கூடாதே. நாடு திரும்பிய பிறகும் சொன்னாள். அவள் போன பிறகு நான் சொல்கிறேன். எல்லா ஆறும் கடலுக்குப் போகிறது, எல்லாக் கடலும் மேகமாகிறது. இந்தக் குழாய்க்கு வராமலா போய்விடும்?

அவன் போன மறுநாளிலிருந்து தண்ணீர் சுமப்பது என் வேலையாயிற்று. என் படிப்பு அங்கே முடிந்தது.

பிப்ரவரி 8

ருகிலே கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தாள்.

தெற்கே சதுப்புக் காட்டிலிருந்து கொண்டுவந்த பழுப்பு நீரை அளந்துகொண்டிருக்கிறாள். செடியும் பாசியும் மக்கிக் கரைந்த நீர். சுத்த நீரைப் போன கோடையிலேயே அளந்து முடித்துவிட்டாள். அதில் எல்லாம் சொல்லி வைத்தாற்போல உருண்டையாகின. இதிலும் அப்படித்தான் — ஆனால் ஓரத்தில் ஒரு சின்ன முட்டை மட்டும் சாய்ந்தே நிற்கிறதாம். எவ்வளவு நேரம் விட்டுத் தட்டினாலும் சாய்ந்தே நிற்கிறதாம்.

கூட வேலை பார்க்கிற மன்தாஸ் பயல், "உன் சதுப்புல யாரோ குடித்தனம் இருக்காங்க" என்றானாம். எல்லோரும் அதைக் குடித்தனக்காரர் என்றே கூப்பிடுகிறார்களாம்.

அப்படியென்றால் அது மறக்கவில்லையா என்று கேட்டேன்.

"சேத்து நீர் நாலா பக்கமும் நெருக்கிப் பிடிச்சிருக்கு போல. மறக்க முடியாம நிக்குது" என்றாள். அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல் நின்றேன்.

பிப்ரவரி 16

ஊரெல்லாம் கொடி, நூறாவது சுதந்திர ஆண்டு. ருகிலே ஆய்வகத்தில். குடித்தனக்காரர் இன்றும் இருந்தாராம்.

மார்ச் 20

பேராசிரியர் ரிமாந்தாஸ் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வமாம். இன்று வந்ததாம். கட்டுரையை அனுப்பிவிட்டார்கள். ஜூனில் இத்தாலியில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் ருகிலே நின்று பேசப் போகிறாள். இந்தக் குடித்தனக்காரரை வைத்துத்தான் அடுத்த ஆண்டு டாக்டர் பட்டம். நீரில் நினைவு தங்கும் இடம் இருக்கிறது என்று முதலில் காட்டியவள் என் பேத்தி.

மருந்துக் கடையில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். ரொட்டிக் கடைப் பெண் கேட்காமலேயே சொன்னேன். பால் ஆலையில் பாட்டில் கழுவிக் கழுவி ஓய்வு பெற்றவள் நான், எனக்கு வேறென்ன பெருமை இருக்கிறது?

அவளிடம் கேட்கவில்லை, எனக்குள் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கையளவு சேற்று நீரில் ஒன்று மறக்காமல் நிற்க முடியுமென்றால் அவ்வளவு பெரிய ஆற்றில் முடியாதா?

ஏப்ரல் 12

வெயில் வந்தாயிற்று. அவள் கை ஆறிவிட்டது. கொழுப்பு டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றினேன்.

மே 4

குடித்தனக்காரரைக் காணவில்லை.

மூன்றாவது வாரமாக இல்லையாம். அதே நீர், அதே மேசை. மொத்தமும் உருண்டை. ருகிலே சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். நீர் பழசாகிக் கெட்டிருக்கும், புதிதாகக் கொண்டு வா என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார்.

மே 21

புது நீரிலும் இல்லை. பூட்ஸ் முழங்கால்வரை சேறு, கொசுக்கடி, ஒன்றும் இல்லை.

குளிர்காலத்துப் படங்கள் கையில் இருக்கின்றனவே, அவை பொய்யாகிவிடுமா என்று கேட்டேன். "பொய்யில்ல. ஆனா ஒரு தடவை வந்தது திரும்பி வரணும் பாட்டி. வரலேன்னா அது வந்ததாவே கணக்கில்ல."

வந்தது திரும்பி வர வேண்டும். இதை அறுபது ஆண்டுக்கு மேலாக நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 23

இத்தாலியிலிருந்து வந்துவிட்டாள். எனக்கு ஒரு கழுத்துத் துணி, யானினாவுக்குப் பாலாடைக்கட்டி. பேச்சு நன்றாகப் போனதாம், கை தட்டினார்களாம். பிறகு சொன்னாள்: கடைசி வரிசையில் ஒரு வயதான இத்தாலிக்காரர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். சுத்த நீரையும் சதுப்பு நீரையும் ஒரே வாரத்தில் அளந்தாயா அம்மா, என்று. இல்லை, சுத்த நீர் கோடையில், சதுப்பு குளிரில் என்று இவள் சொன்னாளாம். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னவள் அதையே மூன்று முறை சொன்னாள்.

செப்டம்பர் 11

அந்த இத்தாலிக்காரர் தம் ஆய்வகத்தில் செய்து பார்த்திருக்கிறார். எதுவும் நிற்கவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாராம், தம்மிடம் தவறு இருக்கலாம் என்று. பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு ருகிலேயிடம் மெதுவாகக் கேட்டாராம் — வந்த படங்களில் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தாயா?

"பொய் சொன்னேன்னு யாரும் சொல்லல பாட்டி. சொல்லாமலே பாக்கறாங்க."

சாப்பிடவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. நான் பார்த்தவள், எனக்குத் தெரியும் — அது வந்தது என்றேன். நீ எங்கே பார்த்தாய் என்றாள். அவள் முகத்தில்தான் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 27

முதல் உறைபனி. அவள் கை மறுபடி வெடிக்கத் தொடங்கிவிட்டது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டிப் பூசினேன். பழசு, காறல் வாடை. பரவாயில்லை.

அக்டோபர் 31

வந்துவிட்டது.

ஆய்வகத்திலிருந்தே கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சதுப்பு நீரில், ஓரத்தில், அதே இடத்தில், சாய்ந்து. "குளிருக்குத்தான் வராரு பாட்டி. குளிர்ல ஏதோ இருக்கு." பின்னால் மன்தாஸ் பாடுகிற சத்தம்.

ஆமாம், குளிருக்குத்தான் வருவான். குளிரில்தானே போனான்.

நவம்பர் 2

இறந்தோர் நாள். அம்மா அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். குன்று முழுக்கச் சுடர்கள், காற்றில் மெழுகு வாடை. பிறகு வழக்கம்போல நான் நேரிஸ் ஆற்றின் கரைக்கு இறங்கினேன். கல்லில் பெயர் இல்லாதவனுக்கு ஆற்றங்கரையில் ஒரு விளக்கு. எப்போதும் தனியாகத்தான் போவேன். இன்று ருகிலேயும் வந்தாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன். உன் குடித்தனக்காரர் யாரென்று எனக்குத் தெரியும் என்று.

பைத்தியம் என்று நினைப்பாள் என்று இருந்தேன். குனிந்து விளக்கின் சுடரைக் காற்றுக்கு மறைத்தாள். பிறகு, "வந்து பாக்கறியா பாட்டி?" என்றாள். "உனக்கு நானே காட்டறேன். முதல்ல சுத்த நீர், எப்படி மறக்குதுன்னு. அப்புறம் அவரு."

நவம்பர் 11

மார்ட்டின் வாத்து. யானினா மெழுகு கிளறித் தந்தாள், தந்துவிட்டு டப்பா ஒன்றைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டாள். இந்த ஆண்டு நல்ல கொழுப்பு, வெண்ணெய் மாதிரி.

நவம்பர் 14

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நீலக் கம்பளிச் சட்டை, இத்தாலித் துணி, தலை வாரி, கைக்கு நன்றாகக் கொழுப்பு பூசிப் போனேன். பேராசிரியர்கள் இருக்கிற இடம், சொரசொரத்த கையோடு போகலாமா? பைன் மரங்களுக்கு நடுவே அந்தக் கண்ணாடிக் கட்டடம். காலணிக்கு மேல் உறை மாட்டினார்கள். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்பு மேசை, அதன் மேல் காடு போலக் கண்ணாடிகள். "பாட்டிம்மா, இந்த மேசை காத்துல மெதக்குது. நீங்க சாஞ்சீங்கன்னா மூணு மாச வேலை சாஞ்சிடும்" என்றான் மன்தாஸ். நல்ல பையன், கொஞ்சம் வாய். ஒளி கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு பாத்திரத்தில் அவன் ஏதோ ஊற்றினான், வெண்புகை தரையில் வழிந்து என் காலைச் சுற்றியது.

ருகிலே இரண்டு சின்னப் பளிங்கு வில்லைகளைக் காட்டினாள். இரண்டுக்கும் நடுவே ஒரு சொட்டு நீர். கையுறையோடு அதைப் பொருத்த முடியாது, வழுக்கும். கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால்தான் வைப்பாளாம். "இந்தா, நீயே வை. ஓரத்துல பிடி." ஓரத்தில் பிடிக்கத்தான் பார்த்தேன். நழுவிவிடுமோ என்று பயந்து நடுவிலும் அழுத்திவிட்டேன்.

சுத்த நீர். வேறெதுவும் இல்லை, அவளுடைய மூலக்கூறைக்கூடப் போடவில்லை. திரை காலியாக இருக்கும் பாட்டி, அதைப் பார்த்துக்கொள், பிறகு சதுப்பைப் பார்ப்போம் என்றாள்.

திரை காலியாக இல்லை.

முட்டை. சாய்ந்த முட்டை. அவள் வரைந்து காட்டியதையெல்லாம்விடப் பெரிது, சிவப்பும் மஞ்சளுமாக. இடைவெளியைக் கூட்டினார்கள். இன்னும் கூட்டினார்கள். சாய்ந்தே நின்றது. மன்தாஸ் சீழ்க்கை அடிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டான்.

"வந்துட்டான்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது, என் குரல் மாதிரி இல்லை. தங்கை வந்தாள் என்று வந்துவிட்டான், சுத்த நீருக்கே வந்துவிட்டான் என்று எனக்குள் — எப்படி எழுதுவது அதை. இத்தனை ஆண்டில் அப்படி ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்ததில்லை.

ருகிலே திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு என் கையை. பிடித்து முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அப்புறம் தன் கையை மோந்தாள்.

தன் பையிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்தாள். கழுவித் துடைத்த வேறொரு வில்லையில் ஊசி முனையளவு கொழுப்பைத் தொட்டு வைத்தாள். நீர்கூட இல்லை. திரையில் அவன் நின்றான்.

"வாத்து" என்றான் மன்தாஸ், ரொம்ப மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 15

இப்போதுதான் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னாள். அவள் தண்ணீரில் போடுகிற மூலக்கூறும் கொழுப்பும் ஒரே சுருதியில் பாடுமாம். கொழுப்பு கெட்டியானது, அதற்குள் எதுவும் நீரைப் போலச் சீக்கிரம் மறக்காதாம். குளிர்காலத்தில் கை வெடிக்கிறது, நான் பூசுகிறேன், கழுவினாலும் விரல் ரேகையில் கொஞ்சம் தங்குகிறது, கையுறையைக் கழற்றி வில்லையைத் தொடுகிறாள். கோடையில் பூசுவதில்லை. அவ்வளவுதான் குடித்தனக்காரர்.

நான் சொன்னேன், யாருக்குத் தெரியும்? நீ, நான், மன்தாஸ். அந்தப் பையனுக்கு உன் மேல் ஒரு இது இருக்கிறது, நீ கேட்டுக்கொண்டால் வாயைத் திறக்க மாட்டான். கட்டுரை வரட்டும், பட்டம் வாங்கிக்கொள். இனிமேல் கொழுப்பு பூச வேண்டாம். அவ்வளவுதானே?

"அந்த இத்தாலிக்காரர் கேட்டப்பவே செருப்புக்குள்ள ஒரு கல் விழுந்திடுச்சு பாட்டி. இப்ப கல்லை எடுத்துக் கையில வெச்சுப் பாத்துட்டேன். மறுபடி செருப்புக்குள்ள போட்டுக்கிட்டு நடன்னு சொல்றியா?"

படிப்பு போய்விடும், பெயர் போய்விடும், ஊர் முழுக்க நான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். என் பெருமையைத்தான் பேசினேன். தெரிகிறது. ஆனால் அது மட்டும் இல்லை.

"அது போவிலாஸ் தாத்தா இல்ல பாட்டி. அது நம்ம கை. உன் கை, என் கை."

"தண்ணிக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லேன்னா நான் இத்தனை வருஷமா யார்கிட்டடி பேசிக்கிட்டு இருந்தேன்?"

அவளுக்குத் தெரியாததை அவள் சொல்ல மாட்டாள். அப்படித்தான் வளர்த்தேன்.

நவம்பர் 17

உருளைக்கிழங்கு வெந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு தொட்டியருகே நின்றேன். வார்த்தை வரவில்லை. யாரும் இல்லாத இடத்தில் யாரை விலகச் சொல்வது? சொல்லாமல் கொட்டவும் கை வரவில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டேன். நீர் ஆறும்வரை காத்திருந்து, ஆறிய பிறகு கொட்டினேன்.

கிழங்கு கூழாகிவிட்டது. ருகிலே எதுவும் கேட்காமல் தின்றாள்.

நவம்பர் 28

பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். இத்தாலிக்காரருக்கும் அவளே எழுதினாள், காரணம் முழுவதும், வாத்து உட்பட. பட்டம் ஓராண்டு தள்ளிப்போகிறது, அதுவும் நிச்சயமில்லை.

பேராசிரியர் திட்டினாரா என்றேன். இல்லையாம். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாராம். பிறகு, தம் அம்மாவும் இதே மாதிரி ஒன்று செய்வாள், ஆனால் காட்டில் வளை தோண்டி வாழும் வளைக்கரடியின் கொழுப்பில் என்றாராம்.

டிசம்பர் 2

ரொட்டிக் கடைக்குப் போகவில்லை. யானினாவை வாங்கி வரச் சொன்னேன். பேத்தி தண்ணீரிடம் இப்போது என்ன கேட்கிறாள் என்று கேட்டாள். கேலி இல்லை, சும்மாதான் கேட்டாள். தலைவலி என்று கதவைச் சாத்திவிட்டேன்.

எல்லாவற்றையும் ஆற வைத்துத்தான் கொட்டுகிறேன்.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. வெள்ளி முளைத்ததும் பன்னிரண்டு பதார்த்த விருந்துக்கு உட்கார்ந்தோம், நாங்கள் இரண்டு பேர். என் மகள் தைவா நார்வேயிலிருந்து வரவில்லை, மீன் ஆலையில் விடுமுறை கிடைக்கவில்லையாம். இறந்தவருக்கு வைக்கிற வெறும் தட்டை வைப்பதா வேண்டாமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது ருகிலே எடுத்து வைத்தாள். பக்கத்தில் சுடரும் ஏற்றினாள்.

ஹெர்ரிங் மீனைப் பரிமாறிக்கொண்டே, "போவிலாஸ் தாத்தாவுக்கு என்ன பிடிக்கும்?" என்றாள்.

இதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மாகூடக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அவனைப் பற்றி இருந்தது ஒரு வாளியும் ஒரு ஓட்டையும்தான். யோசித்தேன். கசகசாப் பாலில் ஊறப்போடும் இந்தச் சின்ன ரொட்டித் துண்டுகள் பிடிக்கும் என்றேன். ஊறவே விட மாட்டான், கடக்முடக்கென்று கடித்துவிட்டு என் கிண்ணத்துக்கு வந்துவிடுவான். முன்பல் ஒன்று உடைந்திருக்கும், அந்த இடைவெளியில் சீழ்க்கை அடிப்பான், மாடு திரும்பிப் பார்க்கும். என் பெயரைத் தலைகீழாகச் சொல்லிக் கூப்பிடுவான், நான் அழுகிறவரை. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. ஏழாவது பதார்த்தத்திலேயே சாப்பாடு நின்றுவிட்டது, நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

முகம் எப்படி என்று கேட்டாள். அது மட்டும் வரவில்லை. குனிந்த முதுகுதான் வருகிறது.

2019 ஏப்ரல் 25

கல் செதுக்குகிறவனிடம் போனேன். அம்மா அப்பா பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. உள்ளே யாராவது இருக்கிறார்களா, சும்மா பெயர் மட்டும்தானா என்றான். பெயர் மட்டும் என்றேன். அம்மா என்ன சொல்வாளோ.

நவம்பர் 2, சனி

இறந்தோர் நாள். கல்லில் மூன்று பெயர். இந்த முறை ஆற்றங்கரைக்கு இறங்கவில்லை. குன்றிலிருந்து நேரிஸ் தெரிந்தது, யாரோ விட்ட ஒரு விளக்கு கரையோரம் ஆடிக்கொண்டிருந்தது. பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தேன். மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

மன்தாஸும் வந்திருந்தான். இப்போதெல்லாம் வருகிறான். ருகிலே இப்போது கொழுப்பைத்தான் அளக்கிறாள், வேண்டுமென்றே. எதில் எவ்வளவு நேரம் நினைவு நிற்கிறது என்று. வசந்தத்தில் பட்டம் கிடைத்துவிடும் என்கிறார்கள். குப்பிகளுக்கெல்லாம் பெயர் ஒட்ட வேண்டுமாம், முதல் குப்பியின் பெயர் அனேலே. என் பெயர். யானினாவிடம் இன்னும் சொல்லவில்லை, நாளை சொல்ல வேண்டும். அந்த இத்தாலிக்காரர் செய்முறை கேட்டிருக்கிறார். தேன்மெழுகு அளவை மட்டும் மாற்றிச் சொல்லச் சொன்னேன்.

கல்லறையில் அடித்த காற்றில் அவள் கை திரும்ப வெடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மேசை மேல் இரண்டு கையையும் நீட்டினாள்.

"திங்கள்வரை லேப் இல்ல. பூசு."

ஓராண்டாகப் பூசவில்லை. ஒவ்வொரு விரலாகப் பூசினேன். நகக்கண்ணில், ரேகையில், கணுவில். அடுப்பில் கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கித் தொட்டியருகே கொண்டுபோனேன். ஆறட்டும் என்று கீழே வைக்கக் குனிந்தேன்.

பின்னால் ருகிலே, கொழுப்புக் கை இரண்டையும் எங்கும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, "விலகிக்கோங்க, தாத்தா" என்றாள்.

கொஞ்சம் பொறுத்தேன். விலக நேரம் வேண்டாமா. பிறகு வடித்தேன்.